கண்டக்டர் வீட்டு மரச்சட்டம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

முன்பின் பேசிப் பழகாமல் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நான் யார் என்றே உங்களுக்குச் சட்டென்று தெரியாமல் இருக்கலாம். உங்கள் சித்தியின் மகள், கண்டக்டர் வீட்டுப் பெண். போன வருடம் ஒரு கல்யாணத்தில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இது இன்னொரு கல்யாணம் தாங்காது, பெரிய உடம்புக்காரங்க யாரையும் இதுல உட்கார விடாத" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் சிரித்தேன். பேசவில்லை. அதனால் உங்களுக்கு நினைவிருக்காது.

நீங்களும் மாமாவும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தச்சுப்பட்டறைக்குப் புதிதாக ஆட்கள் சேர்த்திருப்பதாகப் பெரியம்மா சொன்னார்கள். இங்கே அம்மாவும் நானும் சுகம்.

அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம். ஆனால் எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அது அப்பாவின் நாற்காலிக்குக் கேட்கும்.

அப்பா வேலையில் இருந்த காலம் முழுவதும் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததில்லை. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காலை அகட்டி நின்றபடி ஒரு கையால் டிக்கெட் கிழிப்பார், மறு கையால் சில்லறை கொடுப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கண்டக்டர்களைப் பார்த்தால், "அவன் கண்டக்டர் இல்ல, பாசஞ்சர்" என்பார். இப்போது சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டது. தரை எங்கே இருக்கிறது என்று கால் அவருக்குச் சொல்வதில்லை. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போக எங்கள் வீட்டில் ஒரு நீள நடை இருக்கிறது. நடுவில் ஒரு படி, அப்புறம் ஒரு திருப்பம். அங்கே இரண்டு தடவை விழுந்துவிட்டார்.

டாக்டர் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தடியால் இப்போது அம்மா உயரக் கொடியிலிருந்து துணி எடுக்கிறார்கள். பிறகு சுவரில் கைப்பிடி போடச் சொன்னார். ஸ்டீல் குழாயோடு ஆள் வந்தான். அப்பா அவனுக்கு டீ கொடுத்து, "தம்பி, இது வீடு, ஆஸ்பத்திரி இல்ல. ஓடுற பஸ்லயே கம்பி பிடிக்காதவன் நான். நிக்கிற வீட்டுல பிடிப்பேனா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

நான் வீட்டில் இருக்கும்போது அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு அந்த நடையைக் கடப்பார். "ஏம்மா, ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டபடி வருவார். ஏதோ என்னோடு பேசுவதற்காகவே அந்தப் பக்கம் வருவது போல. குளியலறை வாசலில் பேச்சு முடிந்துவிடும். நானும் ஒன்றும் தெரியாதது போல ஏதாவது சொல்லிக்கொண்டே கூட நடப்பேன்.

பார்ப்பதற்குச் சுவர் அலங்காரமாகவும், கை வைத்தால் கைப்பிடியாகவும் இருக்கும்படி மரத்தில் ஒன்று செய்ய முடியுமா அக்கா? கைப்பிடி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முடியாது என்றால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மறுபடியும் மன்னியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

ஜனவரி 27

அடி ஊமைக்கோட்டானே,

உன்னை நன்றாக நினைவிருக்கிறது. அந்த நாற்காலியில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் உட்காரப் போனபோது ஓடிப்போய் உன் கைப்பையை அதில் வைத்தவள் நீதானே? வாயைத் திறக்காமல் ஒரு மனிதனைக் காப்பாற்றினாய். அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன், இந்தப் பெண் தேறுவாள் என்று.

நாங்கள் சுகம். மாமாவுக்கு மரத்தூளால் தும்மல். தும்முவதற்கு நடுவில் கொஞ்சம் வேலையும் செய்கிறார். சித்திக்கு என் அன்பைச் சொல். சித்தப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

செய்து தருகிறேன். கணக்கு வழக்கு என்று எழுதினாயானால் அடுத்த கடிதம் பிரிக்காமலே திரும்பி வரும். ஆனால் எனக்குச் சில விவரம் வேண்டும்.

சித்தப்பா செருப்பில்லாமல், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு தரையிலிருந்து எந்த உயரத்தில் இருக்கிறது? உன் தோள் எந்த உயரத்தில் இருக்கிறது? அவர் கை இப்போது அதற்குத்தானே பழகியிருக்கிறது, அதனால் கேட்கிறேன். சுவர் செங்கலா, வேறு ஏதாவதா? படி எங்கே, திருப்பம் எங்கே என்று ஒரு படம் போட்டு அனுப்பு. படம் அழகாக இருக்க வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பூவும் கொடியும் யார் வேண்டுமானாலும் செதுக்குவார்கள். சித்தப்பா எதன் முன்னால் நின்று பார்ப்பார்? அதைச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் தோளையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் இரண்டு தடவை படித்தேன். மாமாவின் தும்மல் குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

மணிக்கட்டு அளவு எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் எதிர்வீட்டு டெய்லரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அவரிடம் பேசுவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. அவர் டேப்போடு வந்து, "கண்டக்டர், உங்க பொண்ணு உங்களுக்குப் பேண்ட் தைக்கச் சொல்லிருக்கு, எழுந்திரிங்க" என்றார். இடுப்பு எடுத்தார், கால் எடுத்தார். பிறகு மணிக்கட்டிலிருந்து தரைக்கு டேப்பை விட்டார். "யோவ், கையிலயா பேண்ட் மாட்டப் போறேன்?" என்று அப்பா கேட்டார். "இப்ப பாக்கெட்டெல்லாம் கீழ வைக்கிறாங்க. கை எட்டணுமில்ல?" என்றார் டெய்லர். அப்பா அப்படியே நம்பிவிட்டார். இப்போது ஒரு பேண்டும் தைக்க வேண்டியதாகிவிட்டது. அளவெல்லாம் படத்தில் குறித்திருக்கிறேன். சுவர் செங்கல்.

அப்பா எதன் முன்னால் நிற்பார் என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். டிவியில் எது ஓடினாலும் பாதியில் எழுந்துவிடுவார். ஆனால் எங்கள் தெருமுனையில் அவர் வேலை பார்த்த தடத்து பஸ் வந்து திரும்பும்போது ஜன்னலில் நின்று பார்ப்பார். உள்ளே கூட்டம் எப்படி என்று பார்ப்பார். தூக்கத்தில்கூட ஸ்டாப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். டிப்போ, மில் வாசல், சந்தை, பாலம், பள்ளிக்கூடம், மணிக்கூண்டு, ஏரிக்கரை. சிறுவயதில் எனக்குத் தூக்கம் வராவிட்டால் இதைத்தான் சொல்லித் தூங்க வைப்பாராம். ஏரிக்கரை வருவதற்குள் நான் தூங்கிவிடுவேனாம்.

எனக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. ஜூலையில் சேர்ந்தால் போதும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அது இருக்கட்டும்.

மரம் கிடைப்பதில் சிரமம் இருந்தால் அவசரமில்லை, மெதுவாகச் செய்யுங்கள். உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

மார்ச் 18

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமானதற்கு உன்னைப் போல ஒரு பக்கம் மன்னிப்பு எழுத எனக்குப் பொறுமை இல்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, அதுதான் காரணம். நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எழுதிய ஏழு ஸ்டாப்பையும் படித்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. சட்டம் முழுக்க சித்தப்பாவின் தடம்தான். படுக்கையறை வாசலில் டிப்போ. கடைசி ஸ்டாப் ஏரிக்கரை குளியலறை வாசலில் வந்து நிற்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

படி இறங்குகிற இடத்தில் பாலம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. பாலம் மேடேறி இறங்குவதைக் கை உணர்ந்தால் காலுக்குத் தகவல் போய்விடும். ஆனால் உன் படத்தை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் சந்தை வருகிறது. ஸ்டாப் வரிசையை மாற்றினால் சித்தப்பா பட்டறைக்கே கிளம்பி வந்துவிடுவார். அதனால் சந்தையை நெருக்கிவிட்டேன். சந்தை என்றால் நெரிசல் இருக்கத்தானே வேண்டும்?

முகப்பில்தான் செதுக்கு வேலை. மேல் விளிம்பை உருட்டி இழைத்திருக்கிறேன். பின்னால் விரல் நான்கும் உள்ளே போய் இறுக்கிப் பிடிக்க ஒரு பள்ளம் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நேற்று அதைப் பட்டறைச் சுவரில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். மாமா கண்டக்டராகி, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று என்னைப் பின்னாலிருந்து தள்ளினார். முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. என் வேலை நன்றாக இருக்கும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இல்லை. இந்தத் தடவை எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

பாலிஷ் போடவில்லை. பாலிஷில் கை வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் ஒரு கை பூசியிருக்கிறேன். அடுத்த மாதம் என் ஃபிட்டர் வந்து மாட்டிக் கொடுப்பான். சித்தியின் அக்கா மகள் அன்பளிப்பாக அனுப்பினாள் என்று சொல், போதும்.

வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதிவிட்டு அதன் பக்கத்திலேயே "அது இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாய். ஏன் இருக்கட்டும்?

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் பாராட்டத் தெரியாது. யாராவது நன்றாகச் செய்தால் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். மூன்று நாளாக நடையில் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு தடவை, "குளிக்கப் போறியா இல்லையா?" என்று கேட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதே பஸ்ஸைச் செதுக்கியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே கூட்டம் வேறு வேறு. மில் வாசலில் எல்லாரும் களைத்துத் தூங்கி வழிகிறார்கள். சந்தையில் ஒரு பெண் அக்குளில் கோழியோடு ஏறுகிறாள், கோழி மட்டும் நம்மைப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் புத்தகப் பைகள் பிதுங்குகின்றன. ஏரிக்கரையில் பஸ் காலி. அங்கே தண்ணீரை எதுவும் செதுக்காமல் மரத்தின் ரேகையாகவே விட்டிருக்கிறீர்கள். அது அலை போலவே ஓடுகிறது. அந்த இடத்தில் அப்படி ரேகை வர வேண்டும் என்று எத்தனை பலகையைப் புரட்டியிருப்பீர்களோ என்று யோசித்தேன்.

ஃபிட்டர் மாட்டி முடித்ததும் அப்பா டிப்போவிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்துக்கு வந்ததும், "அடி, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "கண்டக்டரைப் பாரு. எல்லா ஸ்டாப்லயும் பாரு. எங்கயாவது கம்பியைப் பிடிச்சிருக்கானா?" பிடிக்கவில்லை அக்கா. நானும் அப்போதுதான் பார்த்தேன். ஏழு பஸ்ஸிலும் அந்தச் சின்ன மனிதர் இரண்டு கையையும் விட்டுத்தான் நிற்கிறார். அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு மரத்தூள் என்றார்.

இப்போது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அப்பாதான் அழைத்துப் போகிறார். "ஏறுங்க, ஏறுங்க, வரிசையா உள்ள போங்க. யாரும் கை வைக்காதீங்க." டெய்லர், "கண்டக்டர், டிக்கெட் உண்டா?" என்று கேட்டார். "உனக்கு லக்கேஜும் சேர்த்து" என்றார் அப்பா. அம்மா பெருக்கும்போதெல்லாம் தூசி படாமல் அதற்கு ஒரு போர்வை போர்த்துகிறார்கள்.

உங்கள் கையை நேரில் ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. உங்களுக்கும் மாமாவுக்கும் எங்கள் எல்லாருடைய அன்பும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். கடிதத்தை மாமா எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். கோழியைக் கவனித்தவள் நீ ஒருத்திதான்.

எல்லாம் எழுதினாய். சித்தப்பா பார்க்கிறார், காட்டுகிறார், பெருமைப்படுகிறார். கை வைக்கிறாரா?

அக்கா

*

மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கை வைக்கவில்லை. சட்டம் வந்ததிலிருந்து அவர் எதிர்ச் சுவர் ஓரமாகத்தான் நடந்தார். அங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் நல்ல பொருள் என்று எது வந்தாலும் இப்படித்தான். நான் பட்டம் வாங்கியபோது எனக்குக் கிடைத்த பேனா இன்னும் டப்பாவுக்குள் இருக்கிறது. நல்ல தட்டுகளில் யாரும் சாப்பிட்டதில்லை. சட்டம் வருவதற்கு முன் இதை நான் யோசித்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, எனக்குத் தெரியும்.

பத்தாம் தேதி காலையில் படியில் தடுமாறினார். நான் அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், ஓடி வருவதற்குள் ஆகிவிட்டது. பாலம் அவர் கைக்கு நேராக இருந்தது. கை நீண்டதைப் பார்த்தேன் அக்கா. நீண்ட கையை அவரே இழுத்துக்கொண்டு மறுபக்கம் விழுந்தார். முழங்கை வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார்.

தூக்கி உட்கார வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லவேளை, மரத்துல வாட்ச் உரசல." அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "மரம் போனா இன்னொரு மரம். நீங்க போனா?" என்று கத்தினார்கள். "இந்த மாதிரி இன்னொன்னு வராதுடி" என்றார் அப்பா. சாதித்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

நீங்கள் கொஞ்சம் அழகைக் குறைத்திருக்கலாம்.

இதை எழுதியதற்கு மன்னியுங்கள். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் அதுதான் மனதில் இருக்கிறது. இப்போது மறுபடி என் தோளில் கை போட்டுத்தான் நடக்கிறார். ஜூலையில் சேர முடியாது என்று அந்த ஆபீஸுக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது இருக்கட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

மே 30

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்கை எப்படி இருக்கிறது? சித்தி நலமா? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்களா? ஃபிட்டர் சொல்ல மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவனை இங்கே நன்றாகக் கேட்டுவிட்டேன். அந்தச் சட்டத்துக்கு நான் பாலிஷ் போடவில்லை, எண்ணெய் மட்டும்தான். இனி அதை முடிக்க வேண்டியது கை. மனிதக் கைச்சூடு பட்டுப் பட்டுத்தான் அதற்கு நிறம் ஏறும். போர்வை போர்த்தி, தொடாமல் வைத்தால் வெளுத்துத் திட்டுத் திட்டாகப் போய்விடும். அப்புறம் யாராவது என் பெயரைக் கேட்டால் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

செய்யவேண்டிய முறை இது. டிப்போவில் கை வைத்தால் ஏரிக்கரை வரை எடுக்கக் கூடாது. நடுவில் எடுத்தால் அந்த இடத்தில் திட்டு விழும். மேலாகத் தடவுவது போதாது. விரல் பின்பக்கம் போக வேண்டும், உடம்பின் பாரம் கொஞ்சம் அதன்மேல் இறங்க வேண்டும். அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் சித்தி துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துக் காயவிட்டால் போதும். மற்ற நாள் வெறுங்கைதான்.

வேறு யாரையும் விடாதீர்கள். ஆளுக்கு ஆள் சூடு மாறும். தங்கச்சியின் கை பேனா பிடித்த கை, மெத்து. எனக்கு டிக்கெட் கிழித்த கை வேண்டும். ஓடுகிற வண்டியில் முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி வரை ஒரு ஆளைக்கூட விடாமல் பார்த்தவர் நீங்கள். இதையும் உங்களிடம்தான் விட முடியும்.

நிறம் எப்படி ஏறுகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள் முறை,
தச்சுப்பட்டறைக்காரி

*

மே 30

அன்புத் தங்கைக்கு,

சித்தப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உன்னிடம் காட்டுவார். காட்டும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள். எண்ணெயும் கைச்சூடும் நிஜம். திட்டு விழும் என்பதும் ஆளுக்கு ஆள் சூடு மாறும் என்பதும் என் சொந்தச் சரக்கு.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "கொஞ்சம் அழகைக் குறைத்திருக்கலாம்" என்ற வரியை மாமா கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டார். இத்தனை வருடத்தில் இவளுக்கு யாரும் இப்படி ஒரு நற்சான்று கொடுத்ததில்லை என்கிறார். வாடிக்கையாளர்களுக்கும் காட்டுகிறார்.

அந்த ஆபீஸுக்கு இப்போதைக்கு ஒன்றும் எழுதாதே. "அது இருக்கட்டும்" என்று இரண்டாவது தடவை எழுதியிருக்கிறாய். மூன்றாவது தடவை எழுதினால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

அக்கா

*

ஜூன் 20

அன்பு மகளுக்கு,

இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடமும் அப்படியே என்று எண்ணிக்கொள்கிறேன். முழங்கை தேறிவிட்டது.

நீ கேட்டபடி நிலவரம் எழுதுகிறேன். டிப்போவிலும் மில் வாசலிலும் நிறம் நன்றாக ஏறிவிட்டது. சந்தையில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாலத்தில்தான் எல்லாவற்றையும் விட அதிகம், ஏனென்றால் அங்கே படி இருப்பதால் பாரம் தானாக இறங்குகிறது. பள்ளிக்கூடம் இன்னும் கொஞ்சம் வெளுப்பு, கவனித்து வருகிறேன். ஏரிக்கரைக்குக் குறை இல்லை, அங்கே அடிக்கடி போக வேண்டியிருக்கிறது.

ஒரு திருத்தம். மணிக்கூண்டில் பத்து மணி பத்து நிமிடம் என்று காட்டியிருக்கிறாய். என் சர்வீஸில் அந்தக் கடிகாரம் ஓடியதே கிடையாது. எப்போதும் நாலேகால். அடுத்த முறை ஆள் வரும்போது சரிசெய்யவும்.

உன் சித்தி ஒரு நாள் பாலத்தில் கை வைத்தாள். கண்டித்துவிட்டேன்.

இன்னொன்று. மாட்டும்போது ஃபிட்டரிடம் கேட்டேன், பார்வைக்கு மாட்டுகிற ஒரு மரத்துக்கு விரல் நீளத் திருகாணி எதற்கப்பா, அதுவும் இத்தனை, என்று. அவன் உன்னைக் கேட்கச் சொன்னான். நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். உன் தங்கையிடமும் இதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். அவள் இதற்காக எனக்கு ஒரு பேண்டே தைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கண்டக்டர், ஓய்வு

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மாமாவும் நலமா? இங்கே மூன்று பேரும் நலம். இப்படி எழுதும்போது இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

அப்பா உங்களுக்குக் கடிதம் எழுதியதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. "அது டிபார்ட்மெண்ட் விஷயம்" என்கிறார். காலையில் எழுந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிப்போவில் நிற்கிறார். ஏரிக்கரை வரை கை எடுப்பதில்லை. டெய்லர் வந்து பேச்சுக் கொடுத்தால் நடந்துகொண்டே பதில் சொல்கிறார். ஒரு நாள் அம்மா எதிரில் வந்தபோது வழிவிடாமல், "ஓரமா போ, வண்டி வருது" என்றார். படியில் பாலத்தைப் பிடித்து இறங்குவதை அறைக்குள்ளிருந்து பார்க்கிறேன். கை இறுகுகிறது, உடம்பு அதன்மேல் சாய்கிறது, பிறகு கால் இறங்குகிறது. விழவில்லை, தடுமாறவும் இல்லை. நீங்கள் கண்ணை மூடி நடந்து பார்த்தேன் என்று எழுதியது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். பார்க்காத ஒரு மனிதரின் காலுக்கு, பார்க்காத ஒரு படிக்கு, எங்கோ ஒரு பட்டறையில் இருந்துகொண்டு எப்படி இவ்வளவு சரியாகச் செய்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் படித்த எதைக் கொண்டும் இப்படி ஒன்றை இதுவரை செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மரமும் மாறிவிட்டது. மேல் விளிம்பு இப்போது தேன் நிறம். நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

போன வாரம் வேலை விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதுவிட்டு, பெட்டி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். அப்பா நடையில் நின்றுகொண்டிருந்தார், கை சந்தைமேல் இருந்தது. "போயிட்டு வாம்மா. நான் வந்து கொண்டுவிட முடியாது. எனக்கு இங்க டியூட்டி இருக்கு" என்றார். பிறகு நடக்க ஆரம்பித்தார். நான் பழக்கத்தில் கூடவே நடந்தேன். "நீ ஏன் வர்ற?" என்று கேட்டார். அங்கேயே நின்றுவிட்டேன். அவர் ஏரிக்கரை வரை தனியாகப் போனார்.

வரும் திங்கட்கிழமை கிளம்புகிறேன். அங்கே ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது.

இத்தனை கடிதத்திலும் கேட்காமல் வைத்திருந்த ஒன்றை இப்போது கேட்கிறேன். முன்பே கேட்டிருந்தால் நான் போகப்போவது உறுதி என்று ஆகியிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை. அங்கிருந்து நான் போன் செய்து, "எப்படி நடக்கறீங்கப்பா?" என்று கேட்டால் அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நீங்கள் கேட்டால் கொடுக்க மாட்டார். மாதம் ஒரு தடவை, எவ்வளவு வேலை இருந்தாலும், நிறம் எப்படி இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள் அக்கா. கேட்டால் ஒவ்வொரு ஸ்டாப்பாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுவார். எந்த இடத்தில் வெளுப்பு என்று எழுதுகிறாரோ அங்கே சரியாகப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். டிபார்ட்மெண்ட் விஷயம் இருக்கிற பக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்க மாட்டேன். மற்றதைப் படித்து முடித்ததும் எனக்கு அனுப்பி வைப்பீர்களா?

இப்படிக்கு,
உங்கள் தங்கை